இருபத்து மூன்று வோல்ட்

ஒத்தக்கடை டீக்கடையில் தனிஸ்லாஸுக்கு வைத்திருந்த பெயர் ரேடியோ. ட்யூப்லைட் மாட்டக் கூப்பிட்டால் மாட்டிவிட்டுப் பேசாமல் போகமாட்டார். ஸ்டார்ட்டர் ஏன் இரண்டு தடவை கண்சிமிட்டுகிறது, சோக்கு ஏன் சூடாகிறது என்று ஏணியில் நின்றபடியே சொல்லிக்கொண்டிருப்பார். வீட்டுக்காரர்கள் தலையை ஆட்டிக்கொண்டே செல்போனைப் பார்ப்பார்கள். "அண்ணே, எரியுதுல்ல, அது போதும்ணே" என்று சிலர் வாய்விட்டே சொல்லிவிடுவதும் உண்டு. ஐம்பத்து மூன்று வயதில், முப்பது வருஷம் வயரிங் வேலை பார்த்த பிறகும் அது அவருக்குப் பழகவில்லை. சுவருக்குள் இத்தனை அழகாக ஒரு காரியம் நடந்துகொண்டிருக்கிறது, அதைத் தெரிந்துகொள்ள ஒருத்தருக்குமா ஆசை வராது என்று ஒவ்வொரு தடவையும் புதிதாக ஆச்சரியப்படுவார்.

அவர் வீட்டிலும் கேட்க ஆள் இல்லை. மகள் ஜெனிஷாவின் குழந்தையைப் பார்த்துக்கொள்ள மனைவி பாக்கியமேரி திருப்பூர் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. தினமும் ஏழரை மணிக்குப் போன் வரும்.

"சாப்டீங்களா?"

"இனிமேத்தான். தோசை ஊத்தணும். மேரி, இன்னைக்கு ஒரு மோட்டாரைப் பிரிச்சேன் பாரு, கெப்பாசிட்டர்ல..."

பின்னால் குழந்தை அழும். "வைக்கிறேன், நாளைக்குப் பேசுறேன்" என்பாள். கெப்பாசிட்டர் கதை அப்படியே நிற்கும். அவர் மாவை எடுத்துத் தோசை ஊற்றப் போய்விடுவார்.

அதனால்தான் பாலாம்பாள் வீட்டு வேலை அவருக்கு அத்தனை பிடித்துப்போனது.

பாலாம்பாள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தைந்து வருஷம் ஆபரேட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். கணவர் கைலாசநாதன் நெஞ்சுவலியில் போய் மூன்று வருஷம். மகன் கிரிதருக்குப் புனேயில் வேலை. யானைமலை அடிவாரத்தில், தெருவின் கடைசி மின்கம்பத்துக்குப் பக்கத்தில், கணவரும் அவரும் கட்டிய வீட்டில் இப்போது தனியாக இருக்கிறார். சாம்பார்ப் பொடிக்கு அவர் மிளகாய் வறுத்தால் பக்கத்து வீட்டில் வரிசையாகத் தும்மல் கேட்கும். லீவில் வந்திருந்த கிரிதரும் தும்மிவிட்டு, திரும்பிப் போன கையோடு, அடுப்புக்கு மேலே மாட்டுகிற சிம்னி ஒன்றை ஆன்லைனில் வாங்கி அனுப்பிவைத்தான். சிம்னியோடு வந்த ஆள் அதைச் சுவரில் மாட்டி, புகைக்குழாயை வெளியே விட்டுவிட்டு, "பாயின்ட் நீங்கதான் போட்டுக்கணும் மேடம். அதுவரைக்கும் ஃப்ரிட்ஜ்கிட்ட இருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்துச் சொருகிக்கங்க" என்று சொல்லிக் கிளம்பிவிட்டார்.

பாலாம்பாள் சொருகவில்லை. மீட்டர் பலகையின் ஓரத்தில் பதினொரு வருஷமாக ஒட்டியிருந்த ஒரு ஸ்டிக்கரைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். 'தனிஸ்லாஸ், எலக்ட்ரீஷியன்'. வீடு கட்டியபோது வயரிங் செய்தவர். நம்பர் மங்கியிருந்தது, மாறவில்லை.

"எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம்னு எனக்குத் தோணித்து. ஏன்னு சொல்லத் தெரியலை. ஏன் வேண்டாம், சொல்லுங்கோ" என்றார், தனிஸ்லாஸ் வந்து நின்றதும்.

ஒருத்தர் அவரிடம் ஏன் என்று கேட்டு எத்தனை காலம் ஆகிவிட்டது. கருவிப் பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"அடுப்படியில ஆவி இருக்கும்மா, எண்ணெய்ப் புகை இருக்கு. ரெண்டும் சேந்து பிளக்கு மேல பிசின் மாதிரி படியும். அதுல தூசி வந்து ஒட்டும். எக்ஸ்டென்ஷன்ல பிளக்கு எப்பயும் கொஞ்சம் லூஸாத்தான் நிக்கும். லூஸா நிக்கிற எடம் சூடாகும். எண்ணெய், தூசி, சூடு. மூணும் ஒரே எடத்துல இருந்தா..."

"தீப்பிடிக்கத் தீப்பெட்டியே வேண்டாம்ங்கறேள்."

"வேணவே வேணாம்."

தனிஸ்லாஸ் சிரித்துவிட்டார். அடுப்பின் விளிம்பிலிருந்து சிம்னியின் அடிப்பக்கம் வரை டேப் வைத்து அளந்தார். இருபத்தெட்டு அங்குலம், சரியான உயரம். சிம்னிக்குத் தனி வயர், தனி எம்சிபி, அதாவது கரண்ட் மீறினால் தானே விழுந்து அணைக்கிற சுவிட்ச். வேறு எந்தச் சாமானும் அந்த வயரில் சேரக்கூடாது. பிளக் பாயின்ட் சிம்னிக்குப் பின்னால் ஒளிந்திருக்கக்கூடாது, அடுப்புக்கு நேர் மேலேயும் வரக்கூடாது. பக்கவாட்டில், ஆவி போகிற வழியை விட்டு ஒதுங்கி, கை எட்டுகிற உயரத்தில் இருக்கவேண்டும். எதற்கு என்று கேட்டார் பாலாம்பாள். சிம்னியின் எண்ணெய் வலையைக் கழுவும்போதெல்லாம் முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும், எட்டாத இடத்தில் இருந்தால் யாரும் பிடுங்கமாட்டார்கள் என்றார் தனிஸ்லாஸ்.

"ஆமாம். நானே பிடுங்கமாட்டேன்" என்று ஒத்துக்கொண்டார் பாலாம்பாள். "எக்ஸ்சேஞ்சுல ஒரு லைன்ல கோளாறுன்னா லைன்மேனை லேசுல விடமாட்டேன். எங்கே போச்சு, எப்படிப் போச்சுன்னு கேட்டுண்டே இருப்பேன். 'மேடம், லைன் வந்துடுத்து, ஆளை விடுங்கோ'ன்னு ஓடுவா."

"என்னைய ரேடியோன்னு சொல்லுவாங்கம்மா."

"இருக்கட்டுமே. ரேடியோ பாடினா கேக்க ஒரு ஆள் வேண்டாமா?"

அது ஒரு நாள் வேலை. தனிஸ்லாஸ் அதை நாலு நாளாக்கினார். முதல் நாள் பார்த்து அளந்ததோடு சரி. மறுநாள் வந்து சுவரைக் கொத்தினார். வயர் போகிற குழாயைக் குறுக்கே சாய்வாக இழுத்தால் நீளம் குறையும்; ஆனால் அவர் சுவிட்சிலிருந்து நேர் மேலே கொண்டுபோய், அங்கிருந்து நேராகப் பக்கவாட்டில் திருப்பினார். நாளைக்கு இந்தச் சுவரில் ஆணி அடிக்கிறவன் வேறு யாராகவோ இருப்பான், சுவிட்சைப் பார்த்தே வயர் எந்த வழியில் போகிறது என்று அவனுக்குத் தெரியவேண்டும் என்று காரணம் சொன்னார். பாலாம்பாள் காபி டம்ளரோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"பிளக் பாயின்ட்ல இந்த மூணு ஓட்டைல மேல இருக்கறது மட்டும் ஏன் பெரிசா இருக்கு?"

"அதுதேன் உசிரைக் காப்பாத்துறதும்மா. எர்த்து." அவர் சிம்னியின் ஸ்டீல் உடம்பைத் தட்டிக் காட்டினார். "உள்ள கரண்ட் வர்ற பேஸ் வயர் உரிஞ்சு இந்தத் தகட்டுல பட்டுருச்சுன்னு வைங்க. வெளிய ஒண்ணும் தெரியாது. விளக்கு எரியும், ஃபேன் சுத்தும். தகடு ஆளுக்காகக் காத்துக்கிட்டு இருக்கும். நீங்க கையை வச்சா, உங்க வழியா தரைக்குப் போயிரும். எர்த்து வயர் தகட்டுல இருந்து நேரா மண்ணுக்கு ஒரு நல்ல ரோடு போட்டு வச்சிருக்கு. கரண்ட் அந்த ரோட்டுல மொத்தமாப் பாயும், பாஞ்ச வேகத்துல எம்சிபி விழுந்துரும். நீங்க தொடுறதுக்கு முன்னாடியே எல்லாம் முடிஞ்சிரும்."

சொன்னதோடு விடாமல் காட்டவும் செய்தார். ஒரு ஹோல்டரில் பல்பு, அதிலிருந்து இரண்டு வயர். அதற்கு டெஸ்ட் லேம்ப் என்று பெயர். ஒரு முனையை பேஸ் ஓட்டையிலும் இன்னொன்றைப் பெரிய ஓட்டையிலும் வைத்தார். பல்பு பளிச்சென்று எரிந்தது. "எர்த்து இல்லேன்னா எரியாது. உங்க வீட்ல எர்த்து ஜோரா இருக்கு."

பாலாம்பாள் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, சொல்லலாமா என்று யோசித்தவர்போல, "அப்போ கிரைண்டரைத் தொட்டா சுர்ருங்கறதே, அது கரண்ட் இல்லையா?" என்றார்.

"சுர்ருங்குதா?"

"ரொம்ப நாளா. இந்தாத்துக்கு வந்ததுலேர்ந்தே. எறும்பு ஊர்ற மாதிரி, சில நாள் ஊசி குத்தற மாதிரி. அவர் தொட்டுப் பார்ப்பார், ஒண்ணுமில்லைம்பார். உனக்கு நரம்புன்னார். டாக்டர்ட்ட கூட்டிண்டு போனார், அவரும் நரம்புத் தளர்ச்சின்னு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அஞ்சு வருஷமா சாப்பிடறேன்." லேசாகச் சிரித்தார். "பைத்தியம்னு சொல்லலையே, அதுவே பெரிசு."

தனிஸ்லாஸ் டெஸ்டரை எடுத்துக்கொண்டு போய் கிரைண்டரின் மேல் வைத்தார். எரியவில்லை. புறங்கையால் தொட்டும் பார்த்தார். ஒன்றுமில்லை. மணி அப்போது மத்தியானம் பன்னிரண்டரை, அவர் காலில் ரப்பர் செருப்பு.

"இல்லம்மா. கரண்ட் இல்ல. எர்த்து அம்புட்டு நல்லா இருக்கு, டெஸ்டரும் எரியல."

"அப்போ நரம்புதான்" என்றார் பாலாம்பாள். காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மூன்றாம் நாள் காலை, மெயினை அணைத்து, 'ஆள் வேலை செய்கிறார்' என்று எழுதிய அட்டையை அதில் தொங்கவிட்டு, தன் கை மீட்டரை வைத்து மின்சாரம் இல்லை என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டு, அடுப்படி சுவிட்ச் பலகையைக் கழற்றினார். சிம்னிக்கான எர்த் வயரை அங்கிருந்துதான் எடுக்கவேண்டும். பாலாம்பாள் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

பலகை கையோடு வந்தது. அதன் பின்னால், நியூட்ரல் முடுக்கியிருந்த இடத்திலிருந்து எர்த் முடுக்கியிருந்த இடத்துக்கு, விரல் நீளத்தில் ஒரு கறுப்பு வயர்த் துண்டு பாலம் போட்டிருந்தது.

யார் வேலை என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. தனிஸ்லாஸ் இடதுகைக்காரர். அவர் முறுக்குகிற வயர் எல்லாருடையதற்கும் எதிர்ப்பக்கமாகத்தான் முறுகும். இந்தத் துண்டின் இரண்டு முனைகளும் அப்படித்தான் முறுகியிருந்தன.

எல்லாம் ஞாபகம் வந்தது. பதினொரு வருஷத்துக்கு முன்னால், ஆவணி. வெள்ளிக்கிழமை கிரகப்பிரவேசம். புதன்கிழமை வாசலில் எர்த் குழி தோண்டினால், இரண்டடியில் கடப்பாரை டங்கென்றது. கீழே முழுக்கப் பாறை. மலைக்கு இத்தனை பக்கத்தில் வேறென்ன இருக்கும்? மிஷின் கொண்டுவந்து துளை போடாமல் முடியாது. கைலாசநாதன் சாருக்கோ அவசரம். பத்திரிகையில் எதையோ படித்துவிட்டு, "பல்பை வெச்சுக் காட்டுங்கோ, எர்த் இருந்தா எரியுமாமே" என்று நின்றார். தனிஸ்லாஸ் அந்தத் துண்டை வைத்தார். பல்பு எரிந்தது. சார் திருப்தியோடு போனார். இரண்டே நாள், விசேஷம் முடிந்ததும் மிஷினோடு வந்து குழியும் போட்டு, துண்டையும் எடுத்துவிடலாம் என்று நினைத்தார். அதற்குள் வாசலுக்கு சிமென்ட் போட்டுவிட்டார்கள். அவர் மேலூரில் ஒரு ரைஸ் மில் வேலைக்குப் போனார். மற்ற வீடுகளில் குழி முடிந்த பிறகுதான் வயரே இழுப்பார்; நாள் நெருக்கியது இந்த ஒரு வீட்டில்தான். இந்த ஒரு வீட்டைத்தான் மறந்தும் போனார்.

பல்பு பொய் சொல்லவில்லை. நியூட்ரல் என்பது கரண்ட் டிரான்ஸ்பார்மருக்குத் திரும்பிப் போகிற வயர். எர்த் ஓட்டையில் நியூட்ரலைக் கொடுத்தால் பல்பு எரியத்தான் செய்யும். தனக்குக் கிடைத்தது மண்ணா, திரும்பிப் போகிற வயரா என்று பல்புக்கு எப்படித் தெரியும்? ஆனால் நியூட்ரல் எப்போதும் சும்மா இருக்கிற வயர் இல்லை. தெருவின் கடைசிக் கம்பத்தில், சாயங்காலம் எல்லா வீட்டிலும் மோட்டாரும் மிக்ஸியும் டிவியும் ஓடுகிறபோது, திரும்பிப் போகிற கரண்ட் எல்லாம் அதில் நெருக்கியடித்துக்கொண்டு போகும். அப்போது அந்த வயரிலேயே பத்து, இருபது வோல்ட் ஏறி நிற்கும். அது துண்டு வழியாக எர்த்துக்கு வந்து, அங்கிருந்து கிரைண்டர் உடம்புக்கும் வந்துவிடும். டெஸ்டரில் உள்ள குட்டி விளக்கு எரிய அறுபது வோல்ட்டாவது வேண்டும். இருபதுக்கு அது கண்ணையே திறக்காது. மத்தியானம் தெரு தூங்கும், வோல்ட்டும் இருக்காது. பாலாம்பாள் மாவு அரைப்பது சாயங்காலம், தரையைத் துடைத்த ஈரத்தில், வெறுங்காலோடு. கைலாசநாதன் சாருக்கு எப்போதும் பித்தவெடிப்பு. வீட்டுக்குள்ளும் செருப்புப் போட்டே நடப்பார். தொட்டுப் பார்த்ததும் மத்தியானமாகத்தான் இருந்திருக்கும்.

இது சின்ன விஷயம். பெரிய விஷயம் இன்னொன்று இருந்தது. காற்றில் கம்பத்திலே நியூட்ரல் அறுந்தால், திரும்பிப் போக வழியில்லாத இருநூற்று முப்பது வோல்ட்டும் அந்தத் துண்டைத் தாண்டி ஃப்ரிட்ஜ் கதவிலும் கிரைண்டரிலும் இந்தப் புதுச் சிம்னியிலும் வந்து நிற்கும். பதினொரு வருஷமாக அது அறுந்துபோகாமல் இருந்தது அவருடைய கெட்டிக்காரத்தனம் இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

இதைச் சரிசெய்யப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். 'எர்த்து வீக்காயிருச்சும்மா, புதுசாப் போட்டுருவோம்' என்றால் போதும். யாரும் ஒத்துக்கொள்வார்கள். வீடு பத்திரமாகிவிடும், துண்டு குப்பைக்குப் போய்விடும். அந்தம்மா மறுநாளும் காபி டம்ளரோடு வந்து நின்று ஏன், எதற்கு என்று கேட்பார். திருப்பூரிலிருந்து வருகிற இரண்டு நிமிஷப் போனைத் தவிர, அவர் பேச்சைக் கேட்க இருந்த ஒரே ஆள். உண்மையைச் சொன்னால் அந்த ஆளும் இருக்கமாட்டார். அது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. துண்டைக் கத்தரித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பாலாம்பாள் உள்ளே வந்து கையைத் துடைத்தார். அலமாரியிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து, ஒன்றைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, மோர் டம்ளருக்குக் கை நீட்டினார்.

"எர்த் வயர் கிடைச்சுதா?"

"அம்மா" என்றார் தனிஸ்லாஸ். "உங்களுக்கு நரம்பு இல்லம்மா."

பையிலிருந்து துண்டை எடுத்து அடுப்பு மேடையில் வைத்தார். முப்பது வருஷமாக மடைதிறந்தாற்போல் பேசியவருக்கு அன்றைக்கு நாலு வாக்கியம் ஒழுங்காக வரவில்லை. பாறை, வெள்ளிக்கிழமை, பல்பு, சாயங்காலம் என்று முன்னும் பின்னுமாகச் சொன்னார். பாலாம்பாள் குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை. அவர் முடிக்கும்வரை மாத்திரை உள்ளங்கையிலேயே இருந்தது.

"யார் வெச்சது?"

"நான்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதாம்மா. ரெண்டு நாளைக்குன்னு."

"நேத்திக்கு நான் கேட்டேனே. இல்லைன்னேளே."

"அப்ப ஞாபகம் இல்லம்மா. பல்பு எரிஞ்சுச்சு, டெஸ்டர் எரியல. அதை நம்பிட்டேன்."

"என்னை நம்பலை."

பாலாம்பாள் மாத்திரையை அட்டைக்குப் பக்கத்தில் வைத்தார். "நீங்க இப்போ சொல்றதை மட்டும் நான் எப்படி நம்பறது? எனக்குப் பாக்கணும்."

கிரைண்டரைத் தொட்டுக் காட்டவேண்டிய அவசியம் இல்லை. கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்து ஈர மண்ணில் தனிஸ்லாஸ் ஒரு நீளக் கம்பியைச் செருகினார். அதிலிருந்து ஒரு வயர் மீட்டருக்கு வந்தது, மீட்டரின் இன்னொரு முனை நியூட்ரலுக்குப் போனது. மத்தியானம் ஒன்றரை மணிக்கு மெயினைப் போட்டுப் பார்த்தபோது மீட்டர் இரண்டு வோல்ட் காட்டியது. பாலாம்பாள் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நேரத்தையும் எண்ணையும் எழுதினார். எர்த் இல்லாத வீட்டில் சாமான்கள் ஓடவேண்டாம் என்று அடுப்படி பிளக் பாயின்ட்களை எல்லாம் தனிஸ்லாஸ் அணைத்துவைத்தார். ஃப்ரிட்ஜில் இருந்த பாலையும் தயிரையும் பாலாம்பாளே பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

சாயங்காலம் தனிஸ்லாஸ் திரும்பி வந்தார். ஆறேகால் மணிக்குப் பதினொன்று. ஆறரைக்குப் பதினாறு. தெருவில் எங்கோ தண்ணி மோட்டார் போடுகிற சத்தம் கேட்டது. ஆறே முக்காலுக்கு மீட்டர் இருபத்து மூன்று காட்டியது.

பாலாம்பாள் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் குனிந்து நின்றார்.

"இருபத்து மூணு" என்றார். பிறகு, "அவர் எப்பவும் மத்தியானம்தான் தொட்டுப் பார்ப்பார்" என்றார்.

நிமிர்ந்தபோது குரல் மாறியிருந்தது. "நாளைக்கு எர்த் போடுங்கோ. போட்டதை வேற ஒருத்தர் வந்து பாக்கட்டும்."

"சரிம்மா. நானே சொல்லணும்னு இருந்தேன்."

அன்றைக்கு ஏழரை மணிப் போனில் பாக்கியமேரி, "ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க?" என்று கேட்டாள். அதிசயமாகக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவள் கேட்கத் தயாராக இருந்தாள். "ஒண்ணுமில்ல, தலைவலி" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் பார்த்ததில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பாறை ஆழமாகத்தான் இருந்தது. வருஷக்கணக்காகத் தண்ணீர் இறங்கிய மண், மிஷின் பத்தடி சுலபமாக இறங்கியது. செம்பு பூசிய கம்பியை இறக்கி, அதற்கான பவுடரைக் கரைத்து ஊற்றினார். உப்பும் கரியும் போடலாம். ஆனால் உப்பு மழையில் கரைந்துபோகும், கம்பியையும் தின்னும். இந்தப் பவுடர் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கம்பியை ஒன்றும் செய்யாது. இதைச் சொல்ல வாயெடுத்துத் திரும்பிப் பார்த்தார். கொல்லைக் கதவில் யாரும் இல்லை.

மெயினுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு ஆர்சிசிபி மாட்டினார். அவருக்கு உலகத்திலேயே ரொம்பப் பிடித்த பெட்டி அது. போகிற கரண்ட்டையும் திரும்பி வருகிற கரண்ட்டையும் அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். முப்பது மில்லி ஆம்பியர் குறைந்தாலும், அதாவது அந்தக் கொஞ்சம் வேறு வழியில், ஒருவேளை ஒரு ஆள் வழியாக, மண்ணுக்குப் போனாலும், கண் மூடித் திறப்பதற்குள் அணைத்துவிடும். பழைய துண்டை எடுக்காமல் இதை மாட்டியிருந்தால் என்ன ஆகும் என்பது இன்னும் ருசியான விஷயம்: தகட்டில் கசிந்த கரண்ட் துண்டு வழியாக நியூட்ரலுக்கே திரும்பி வந்திருக்கும், கணக்கில் குறையே தெரிந்திருக்காது, காவல்காரன் கண்ணைக் கட்டினது போல ஆகியிருக்கும். பாலாம்பாள் முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கம் திருப்புகிற சத்தம் மட்டும் கேட்டது.

பரிசோதிக்க வந்தது மொக்கையன். அதே ரோட்டில் வேலை பார்க்கிற எலக்ட்ரீஷியன், எர்த் அளக்கிற மீட்டர் வைத்திருப்பவர்.

"என்ன ரேடியோ, இன்னைக்கு ஸ்டேஷன் எடுக்கலையா? ஊரே அமைதியா இருக்கு" என்றபடி வந்தார். கொல்லையில் எர்த்தின் தடையை அளந்தார், மூன்று ஓமுக்குக் கொஞ்சம் மேலே, பிரமாதம். மெயினை அணைத்து, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே எங்கேயாவது தொடர்பு இருக்கிறதா என்று ஒவ்வொரு பாயின்ட்டாகப் பார்த்தார்; தொடர்பு இருந்தால் கத்துகிற மீட்டர் எங்கும் கத்தவில்லை. ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அமுக்கினார், பட்டென்று விழுந்தது. அடுப்பு மேடையின் ஓரத்தில் கிடந்த கறுப்புத் துண்டை எடுத்துப் பார்த்தார்.

"இது இங்கயா இருந்துச்சு? எந்தக் கிறுக்கன் மாப்ள வச்சது?"

"நாந்தேன்."

மொக்கையன் முன்னறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"ஏண்டா சொன்ன? எடுத்துக் கடாசிட்டுப் போக வேண்டியதுதானடா. நாம யாருதான் வைக்கல?" கொஞ்ச நேரம் துண்டை விரலில் உருட்டிக்கொண்டிருந்தார். "சரி, நான் வாரேன். சருகுவலையபட்டிப் பக்கம் நான் வயரிங் பண்ணுன வீடு ஒண்ணு இருக்கு, போய்ப் பாக்கணும்." பைக் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

மிச்சம் இருந்தது சிம்னி மட்டும். பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றையும் முடுக்கினார். எர்த் வயரை மற்ற இரண்டையும்விட ஒரு அங்குலம் கூடுதல் நீளம் விட்டார். யாராவது இழுத்துவிட்டாலும் அது கடைசியாகத்தான் கழலவேண்டும். பட்டனை அமுக்கினார். சிம்னி ஹூம் என்றது. அடுப்பை ஏற்றி ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொதிக்கவைத்தார். ஆவி மேலே எழுந்து, தயங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து வலைக்குள் நுழைந்தது. எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காத காட்சி.

"ஓடுதும்மா" என்று குரல் கொடுத்தார்.

பாலாம்பாள் வந்தார். கையில் ஒரு முழு வெள்ளைத் தாளும் பேனாவும் இருந்தன. சிம்னியை ஒரு நிமிஷம் பார்த்தார். தாளைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தார்.

"எழுதிக் கொடுங்கோ."

"என்னன்னும்மா?"

"என்ன நடந்ததுன்னு. எத்தனை வருஷம், எதனாலன்னு. உங்க கையெழுத்தும் போடணும்."

கோர்ட்டுக்கா, போலீசுக்கா என்று தனிஸ்லாஸுக்குப் பயம் வந்தது. ஆனாலும் உட்கார்ந்தார். பேனாவை இடதுகையில் பிடித்தார். "யாருக்குன்னு மேல போடணும்மா?"

"யாருக்கும் வேண்டாம்."

அப்போது அவருக்குப் புரிந்தது. எழுதத் தொடங்கினார்.

வாழ்நாளெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தவர் அவர். எழுதச் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஒரு வரி எழுதிப் படித்துப் பார்த்து, அடித்துவிட்டு இன்னொரு வரி எழுதினார். கெப்பாசிட்டர் கதை போல நீட்ட முடியவில்லை. நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துத் தான் ஒரு வயர்த் துண்டு வைத்ததை எழுதினார். அதனால் கிரைண்டரிலும் ஃப்ரிட்ஜிலும் உண்மையாகவே மின்சாரம் இருந்தது என்றும், அதை அளந்து பார்த்ததில் இருபத்து மூன்று வோல்ட் என்றும், வெறுங்காலோடு தொடுகிறவருக்கு அது தெரியும் என்றும் எழுதினார். பாலாம்பாள் எதிரில் நின்றுகொண்டிருந்தார்.

"சாயங்காலம்னு போடுங்கோ."

போட்டார்.

"மத்தியானம் தொட்டா தெரியாதுன்னும் போடுங்கோ. செருப்புக் காலோட தொட்டாலும் தெரியாதுன்னு."

அதையும் போட்டார். கடைசியில், 'இது நான் செய்த சின்னத் தவறு' என்று எழுதிக் கையெழுத்திட்டு நீட்டினார். பாலாம்பாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். தாளைத் திரும்ப மேஜையில் வைத்து, ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தார். தனிஸ்லாஸ் 'சின்ன'வை அடித்தார்.

தரையில் விழுந்த வயர்த் துணுக்குகளைக் கூட்டி அள்ளினார். கருவிகளை ஒவ்வொன்றாகப் பையில் போட்டார். முன்னறையிலிருந்து பாலாம்பாளின் குரல் கேட்டது. போனில் யாருடனோ பேசுகிறார் என்றுதான் முதலில் நினைத்தார். எக்ஸ்சேஞ்சில் முப்பத்தைந்து வருஷம் பழகிய குரல். சொல் சொல்லாக, எங்கோ தூரத்தில் இருக்கிற ஒருத்தருக்குத் தெளிவாகக் கேட்கவேண்டும் என்பதுபோல. "நியூட்ரலையும், எர்த்தையும், சேர்த்து." அவர் எழுதிய தாளை, ஆள் இல்லாத அறையில், கைலாசநாதனின் படத்துக்கு முன்னால், பாலாம்பாள் நின்றபடி முதலிலிருந்து கடைசி வரை வாசித்தார். "உண்மையாகவே, மின்சாரம், இருந்தது." அந்த வரியை மட்டும் இரண்டாம் தடவை வாசித்தார்.

வாசித்து முடித்தபின் ஏதாவது கேட்பார் என்று தனிஸ்லாஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். நியூட்ரல் ஏன் சாயங்காலம் ஏறுகிறது என்று கேட்டால் சொல்ல அவரிடம் இன்னும் நிறைய இருந்தது.

"வாரேன்மா" என்றார்.

"ம்" என்றார் பாலாம்பாள், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வாசல் வரைக்கும் சிம்னி ஓடுகிற சத்தம் கேட்டது.